வந்து சேராத படகு

"நாம இப்ப எங்க இருக்கோம்?"

எஸ்கில் அதை முதன்முதலாகக் கேட்டபோது அவனுக்கு ஐந்து வயது, அவன் அக்கா ஹெல்மிக்கு ஒன்பது. அவர்கள் அப்போது வீட்டு முற்றத்தில்தான் இருந்தார்கள். ஆப்பிள் மரத்துக்கும் விறகுக் கொட்டகைக்கும் நடுவே முட்டுக்கால் கொடுத்து நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிய பாய்மரப் படகுக்குள் இருந்தார்கள். வெளியே முழங்கால் அளவு பனி. துறைமுகம் உறைந்து போயிருந்தது. தபால்காரர் அதன்மேல் சைக்கிள் ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனார்.

படகின் சிறிய அறையில் எதிரெதிராக இரண்டு படுக்கைப் பலகைகள். இடப்பக்கம் அவளுடையது, வலப்பக்கம் அவனுடையது. மூக்கு மட்டும் வெளியே தெரியக் கம்பளிக்குள் கிடந்தான் எஸ்கில். தார்ப்பாய் நீல நிறம். அதில் வடிந்து இறங்கிய பகல் வெளிச்சத்தில் அவன் முகம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோலத் தெரிந்தது. காற்று வந்து மேலே பாயைத் தட்டியது. படகு எங்கோ ஓரிடத்தில் முனகிற்று. அப்போதுதான் அவன் கேட்டான்.

ஹெல்மி பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லாத பெண். பதில் தெரியும். நாக்கு வரைக்கும் வரும். வந்த இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்ளும். அது எழுந்து வெளியே வருவதற்குள் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்துவிடும், பிறகு எங்கே வர? ஆனால் அன்று அந்த நீல வெளிச்சத்தில் அவள் யோசிக்கவே இல்லை.

"அசோர்ஸ் தீவைத் தாண்டிட்டோம். இடது பக்கத்துல ஒரு திமிங்கிலம் கூடவே வருது. சத்தம் போடாத, அது தூங்குது."

"நீந்திக்கிட்டே எப்படித் தூங்கும்?"

"நீ சூப் குடிச்சுக்கிட்டே தூங்குற இல்ல, அப்படித்தான்."

அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் கப்பலேறினார்கள். அம்மா குன்வோர் அடுப்பில் சுட்ட கல்லைத் துணியில் சுற்றிக் கொடுப்பாள், காலடியில் வைத்துக்கொள்ள. அதன் சூடு ஆறும்வரை பயணம். அவன் கேட்பான், அவள் சொல்வாள். எரிமலை தெரியும் தீவு, மழை மேலிருந்து பெய்யாமல் பக்கவாட்டில் பெய்யும் ஊர், துறைமுகத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மீன் விற்கும் பட்டணம். பள்ளியில் வாய் திறக்காத பெண்ணுக்கு அத்தனை கடலும் எங்கிருந்து வந்ததோ.

படகை விட்டு இறங்குவதற்கு ஒரு சட்டம் உண்டு. எஸ்கில் போட்ட சட்டம் அது. இறங்கும்போது யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. 'வந்து சேர்ந்தாச்சு' என்று சொல்லிவிட்டால் பயணம் முடிந்துவிடும். சொல்லாமல் இறங்கினால் படகு நின்ற அலைமேலேயே நின்று காத்திருக்கும், அடுத்த ஞாயிறு அங்கிருந்தே போகலாம். ஒருமுறை குன்வோர் இது தெரியாமல் ஏணிக்குக் கீழே நின்று, "என்ன மாலுமிங்களா, வந்து சேர்ந்தாச்சா?" என்று கேட்டுவிட்டாள். எஸ்கில் ஏணியின் பாதியிலேயே நின்று ஓவென்று அழுதான். அவனைச் சமாதானப்படுத்த ஹெல்மி சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்க வேண்டியதாயிற்று. கரையில் நிற்கிறவர்கள் சொன்னால் அது கணக்கில் வராது. படகுக்குள் இருப்பவர் சொன்னால்தான் முடியும். அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

குன்வோர் கடைத்தெருவில் பெருமையடிப்பாள், தரையில் நிற்கிற படகில் உலகத்தைச் சுற்றியவர்கள் இந்தத் தீவிலேயே தன் பிள்ளைகள் இரண்டு பேர்தான் என்று.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் குறைந்து, நின்றும் போயின. ஹெல்மி பதினாறு வயதில் பள்ளியை விட்டு ரொட்டிக்கடைக்கு வேலைக்குப் போனாள். மாவு எதையும் கேட்பதில்லை. எஸ்கில் இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடும் பெரிய கப்பலில் இயந்திர அறைக்குப் போய்ச் சேர்ந்தான். அப்பா இறந்த பிறகு படகு இருவருக்கும் பொதுவானது. அதன் பெயர் தேர்னா, ஆலாப் பறவையின் பெயர். ஒவ்வோர் ஐப்பசியிலும் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி முற்றத்தில் நிறுத்தும் நாளுக்கு எஸ்கில் தவறாமல் வந்துவிடுவான்.

அது இரண்டு பேர் வேலை. படகின் பாரம் முழுக்க அடிமரத்தில் இறங்கி, கீழே அடுக்கிய கனத்த கட்டைகள்மேல் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் நிற்கும் இரும்பு முட்டுக்கால்கள் பாரத்தைத் தாங்குவதில்லை, விழாமல் தோள் கொடுக்கின்றன, அவ்வளவுதான். பிறகு பாய்மரத்தைக் கழற்றி, வீட்டுக்கு முகட்டுக்கட்டை வைப்பதுபோலப் படகின் தலைக்குமேல் நீளவாக்கில் படுக்கப்போட்டு, அதன்மேல் தார்ப்பாயை விரிப்பார்கள். பாயிலிருந்து இறங்கும் கயிறுகள் படகின் வயிற்றுக்கடியில் போய் மறுபக்கக் கயிற்றோடு முடிச்சுப்பட வேண்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் முட்டுக்காலில் கட்டக்கூடாது. அந்தத் தீவில் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்வார்கள்: முட்டுக்காலில் பாயைக் கட்டியவன் படகைக் காற்றுக்குத் தத்துக் கொடுத்தவன்.

போன வருஷம் எஸ்கில் அதைத்தான் செய்தான்.

அக்கரைக்குப் போகும் நாலு மணி ஃபெரியைப் பிடிக்க வேண்டும், விரல் விறைத்துப் போயிருந்தது. வலப்பக்கத்துக் கடைசிக் கயிறுகள் நாலையும், கைக்கு எட்டும் உயரத்தில் வசதியாக நின்ற முட்டுக்கால்களின் கழுத்திலேயே கட்டிவிட்டு ஓடினான். ஹெல்மி பார்த்தாள். சொல்ல வாய் எடுத்தாள். வார்த்தை நாக்கு வரை வந்து சப்பணமிட்டது. நாளைக்கு நாமே அவிழ்த்து மாற்றிக் கட்டிவிடலாம் என்று விட்டுவிட்டாள். அன்றிரவு மழை பெய்து, விடியுமுன் உறைந்து, முடிச்சுகள் கல்லாகிவிட்டன. கொதிநீர் ஊற்றி அவிழ்த்திருக்கலாம். ஆனால் தம்பி போட்ட முடிச்சை அவன் முதுகுக்குப் பின்னால் அவிழ்ப்பது அவன் எழுதியதை அழிப்பதுபோல இருந்தது அவளுக்கு. விட்டுவிட்டாள்.

தை மாதத்தில் தென்மேற்குக் காற்று வந்தது. தார்ப்பாய் கப்பற்பாயாகவே உப்பி, கயிறுகளை இழுத்தது. முட்டுக்கால்கள் ஆடி ஆடி நகர்ந்து, இரண்டு கழன்று விழ, தேர்னா மெல்லச் சாய்ந்து விறகுக் கொட்டகையின்மேல் தலை வைத்தது. மூன்று பலகைகள் பிளந்தன, ஒரு விலா மரம் ஒடிந்தது.

அடுத்த ஃபெரியில் எஸ்கில் வந்தான். விழுந்து கிடந்த முட்டுக்காலின் கழுத்தில் அவன் முடிச்சு அப்படியே இருந்தது. அதைப் பார்த்தான், பிறகு ஹெல்மியைப் பார்த்தான். அவள் திட்டுவாள் என்றோ, போகட்டும் விடு என்பாள் என்றோ காத்திருந்தான். ஏதாவது ஒன்று. அவள் வாயில் ஒன்றும் வரவில்லை. அவன் பனியில் நின்றபடியே, "சரி ஹெல்மி. வந்து சேர்ந்தாச்சு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அதன்பின் அவன் தீவுக்கு வரவில்லை. நடுவேனில் திருநாளுக்குக்கூட வரவில்லை. தொலைபேசியில் அம்மாவிடம் மட்டும் பேசினான்.

ஹெல்மி படகைப் பழுதுபார்த்தாள். விடிகாலையில் ரொட்டிக்கடை, மத்தியானத்திலிருந்து படகு. கிரேன் லாரி வைத்திருக்கும் ரூனார் கருவிகள் இரவல் தந்தார், கூடவே கேலியும் தந்தார். அவள் மூன்று பலகைகளையும் மாற்றினாள், விலா மரத்துக்குப் பக்கத்தில் புது மரம் வளைத்துப் பொருத்தினாள். ஆடியில் தண்ணீரில் இறக்கியபோது தேர்னா மூன்று நாள் ஒழுகியது. பிறகு பலகைகள் ஊறி, ஒன்றோடொன்று நெருங்கி, ஒழுகுவதை நிறுத்திக்கொண்டது. நனைந்தால்தான் சேர்கிற மரம்.

இப்போது மறுபடியும் ஐப்பசி. குன்வோர் சாப்பாட்டு மேசையில் முடிவாகச் சொல்லிவிட்டாள், ஒருத்தியாக இதைச் செய்ய முடியாது, எஸ்கில் வரவில்லையென்றால் படகு ரூனாரின் பெரிய கொட்டகைக்குப் போகட்டும் என்று. அங்கே பத்துப் படகுகள் வரிசையாக நிற்கும். தார்ப்பாய் வேண்டாம், கயிறு வேண்டாம். குளிர்காலம் முழுக்கப் பூட்டியிருக்கும். அம்மா சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் முற்றத்தில் படகு நிற்காத ஒரு குளிர்காலத்தை நினைத்தபோது, தை மாதத்தில் தம்பி சொன்ன அந்த வார்த்தையைத் தானும் சேர்ந்து சொல்வதுபோல இருந்தது ஹெல்மிக்கு.

அவள் தம்பிக்கு ஒரு தபால் அட்டை எழுதினாள். நாலு அட்டைகளைக் கிழித்துப் போட்ட பிறகு ஐந்தாவதில் ஒரே வரி: சனிக்கிழமை படகு முற்றத்துக்கு வருகிறது. சொல்ல வேண்டிய விஷயம் அந்த வரியில் இல்லை. நான் அன்றே பார்த்தேன் என்பதுதான் அது.

சனிக்கிழமை காலையில் ரூனாரின் லாரி தேர்னாவைத் தூக்கிக்கொண்டு வந்தது. மறுநாள் விடியற்காலை பலத்த காற்று அடிக்கும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். வானமோ பால்போலச் சலனமில்லாமல் கிடந்தது. தெற்கே போகும் அன்னங்கள் இரண்டிரண்டாகக் கூவிக்கொண்டு போயின.

ஹெல்மி கட்டைகளை அடுக்கினாள். முன்பக்கம் இரண்டு விரல் உயரம் கூடுதலாக வைத்தாள், உள்ளே விழும் நீர் பின்னால் ஓடி வடிந்துவிட. படகு இறங்கி உட்கார்ந்ததும் காதைப் பலகையில் வைத்து விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனாள். பொள்ளென்று கேட்ட இடங்களை விட்டாள். உள்ளே விலா மரம் நிற்கும் இடம் கெட்டியாகப் பதில் சொன்னது. அங்கே முட்டுக்காலின் தலையைப் பொருத்தித் திருகினாள். பக்கத்துக்கு மூன்றாக ஆறு. நிலம் இளகும்போது புதையாமல் இருக்க ஒவ்வொன்றின் பாதத்துக்கும் ஒரு பலகைத் துண்டு. எதிரெதிர்க் கால்களைப் படகுக்கடியில் சங்கிலியால் இணைத்தாள், விலகி நடக்காமல் இருக்க.

ரூனார் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். படகு அசையவில்லை.

"இந்த வருஷம் கொட்டகைக்கு முத்தம் குடுக்காது போல," என்றார். பாய்மரத்தைத் தூக்கி முகட்டில் கிடத்திக் கொடுத்தார். லாரியில் ஏறியவர் தலையை நீட்டினார். "பதினொரு மணி ஃபெரி வந்து போயிடுச்சே, பொண்ணு. நாளைக்கு வந்து என் கொட்டகைக்குத் தூக்கிக்கிட்டுப் போகவா?"

"வேணாம்," என்றாள் ஹெல்மி. அந்த ஒரு வார்த்தைக்கே காது மடல் சிவந்துவிட்டது.

கூர்மையான மூலைகளுக்கெல்லாம் பழைய கம்பளிக் காலுறை மாட்டினாள், பாய் கிழியாமல் இருக்க. தார்ப்பாயை ஏணியில் ஏறி ஏறி இழுத்து, முகட்டுக்கு அந்தப்புறம் தள்ளினாள். அது நீலமாகச் சரிந்து இறங்கியதும் முற்றம் முழுக்க ஒரு மூச்சு விட்டதுபோல இருந்தது. காற்று உள்ளே புகுந்து வெளியேறுவதற்காக முன்னும் பின்னும் முக்கோண வாசலாகத் திறந்து விட்டாள்.

இனிக் கயிறு. ஒரு கையுறையில் மணலை நிரப்பிக் கயிற்றின் நுனியில் கட்டி, படகின் வயிற்றுக்கடியில் வீசினாள். வீசிவிட்டுப் படகைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், அதை எடுத்து இழுத்து, அந்தப்பக்கக் கயிற்றோடு கட்டினாள். திரும்பவும் சுற்றி வந்து இந்தப்பக்கத்தை இறுக்கினாள். இறுக்கினால் அந்தப்பக்கம் தளர்ந்தது. மறுபடி சுற்றினாள். ஏழு கயிறுகளில் மூன்று முடிவதற்குள் புல்லில் ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. சூரியன் ஆப்பிள் மரத்தின் அடிக்கிளை வரை இறங்கியிருந்தது. நாலு மணி ஃபெரியும் ஊதி ஓய்ந்திருந்தது.

நாலாவது கயிற்றை வீசினாள். சுற்றிப் போவதற்காகத் திரும்பியவளின் கையில் கயிறு அசைந்தது.

மறுபக்கத்திலிருந்து யாரோ அதை இழுத்தார்கள். மெதுவாக, சீராக, இறுகும்வரை. பிறகு இரண்டு சிறு இழுப்பு.

இரண்டு இழுப்பு என்றால் கட்டியாயிற்று என்று பொருள். ஒன்று என்றால் தளர்த்து. அவர்கள் வீட்டுப் பழக்கம் அது, ரூனாருக்குத் தெரியாது. ஹெல்மி குனிந்தாள். படகின் வயிற்றுக்கடியில், சங்கிலிகளுக்கு அப்பால், இரண்டு காலணிகள் தெரிந்தன. எண்ணெய்க் கறை படிந்த கனத்த காலணிகள், கப்பலில் போடுகிறவை.

அவள் சுற்றிப் போகவில்லை. கனவில் நல்லது நடக்கும்போது திரும்பிப் படுக்கப் பயமாக இருக்குமே, அதுபோல நின்ற இடத்திலேயே நின்றாள். மணல் கையுறை அந்தப்பக்கத்திலிருந்து பறந்து வந்து காலடியில் விழுந்தது. எடுத்து ஐந்தாவது கயிற்றில் கட்டி வீசினாள். காலணிகள் ஓரடி நகர்ந்தன. இரண்டு இழுப்பு. நடுவே படகு நின்றது, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. கயிறு மட்டும் போய்ப் போய் வந்தது. ஆறாவதும் முடிந்தது.

ஏழாவது கயிறு விழும் இடத்தில் முட்டுக்கால் நேர் எதிரே நின்றது. காலணிகள் அங்கே வந்து நின்றன. நெடுநேரம் அசையவில்லை. ஒரு கை கீழே இறங்கி முட்டுக்காலின் கழுத்தைத் தொட்டது. போன வருஷம் முடிச்சு இருந்த அதே இடத்தைக் கட்டைவிரலால் தடவிற்று. ஹெல்மி கயிற்றைப் பிடித்த பிடியை விடாமல் நின்றாள். கை விலகியது. கயிறு படகுக்கடியில் இறுகியது. இரண்டு இழுப்பு.

பிறகு பின்பக்கத்து ஏணி கிறீச்சிட்டது.

அவள் ஏறிப் போனபோது உள்ளே நீல வெளிச்சம் இருட்டத் தொடங்கியிருந்தது. எஸ்கில் வலப்பக்கப் பலகையில் படுத்திருந்தான். மெத்தையெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டதால் வெறும் பலகை. அது இப்போது அவனுக்குப் போதவில்லை. முழங்காலை மடக்கி, கோட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். ஹெல்மி தன் பலகையில் படுத்தாள். புது மரத்தின் பிசின் வாசனை வந்தது. அவள் வளைத்துப் பொருத்திய விலா மரம் அவன் தலைக்குப் பக்கத்தில் வெளிறித் தெரிந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

மேலே முதல் காற்று வந்து பாயைத் தட்டிவிட்டுப் போனது.

"எஸ்கில்," என்றாள். வார்த்தை நாக்கில் வந்து உட்கார்ந்தது. அவள் அதை உட்காரவிடவில்லை. "போன வருஷம் நீ முட்டுக்கால்ல கட்டினதை நான் அப்பவே பாத்தேன். சொல்லல. அவுக்கவும் இல்ல."

அவன் விலா மரத்திலிருந்து கண்ணை எடுத்தான்.

"நீ பாத்தது எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"ஹெல்மி பாத்துட்டா, நாளைக்கு அவளே மாத்திக் கட்டிடுவான்னு நெனச்சுக்கிட்டுதான் ஃபெரி ஏறினேன். அப்புறம் ஜனவரில வந்து நிக்கிறேன், நீ ஒண்ணுமே பேசல. ரெண்டு பேர் தப்பையும் நான் ஒருத்தனாவே சுமந்துக்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சு."

"பேச வரல."

"அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கோவம் வந்துச்சு."

இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கப்பலைப் பற்றிச் சொன்னான். இயந்திர அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதாம், சன்னலே கிடையாதாம். பகலா இரவா தெரியாது, புயலா தெரியாது. வெளியே கடல் இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள், அவ்வளவுதானாம். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தான்.

"அங்க யார்கிட்டயாவது எங்க இருக்கோம்னு கேட்டா, ரெண்டாவது ஷிப்ட்டுல இருக்கோம்பான்."

பாய் உப்பி அடங்கியது. கயிறுகள் ஏழும் ஒரே நேரத்தில் இறுகி, ஒரே நேரத்தில் தளர்ந்தன. முட்டுக்கால்கள் அசையவில்லை.

"ஹெல்மி."

"ம்."

"நான் அந்த வார்த்தையைச் சொல்லிட்டேனே."

"பனில நின்னு சொன்ன. படகுக்குள்ள இருந்து சொல்லல. கரையில நிக்கிறவங்க சொன்னா கணக்குல வராது."

அவன் யோசிக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. ஐந்து வயதில் போலவே மூக்கால் மூச்சு விட்டான். கோட்டு இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"நாம இப்ப எங்க இருக்கோம்?"

"விட்ட இடத்துலதான். நாம இல்லாதப்ப இது எங்கயும் போகல. மூடுபனி கொஞ்சம் இறங்கியிருக்கு. வலது பக்கம் ஒரு தீவோட விளக்கு தெரியுது, யார் ஏத்தினதுன்னு தெரியல. தண்ணி வெதுவெதுன்னு இருக்கு."

"திமிங்கிலம்?"

"இடது பக்கம். கெழவியாயிடுச்சு. இன்னும் தூங்குது."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். விளக்குத் தீவைத் தாண்டினார்கள். இலையில்லாமல் பூ மட்டும் பூக்கும் கரையோரமாகப் போனார்கள். ஒரு பட்டணத்தில் ஆட்கள் இவர்களைப் பார்த்துக் கையசைக்காமல் தொப்பியை மட்டும் கழற்றினார்கள். நீலம் கருநீலமாகி, முகங்கள் மறைந்து, குரல் மட்டும் மிச்சமிருந்தது. அடியில் தண்ணீர் ஓடுவதை அவள் நிஜமாகவே கேட்டாள்.

துறைமுகத்தில் மாலை ஃபெரி ஊதியது.

எஸ்கில் எழுந்து உட்கார்ந்தான். இருட்டில் அவன் வாயைத் திறப்பது தெரிந்தது. வரேன் என்று சொல்வானோ, நல்லாக் கட்டியிருக்கே என்பானோ. எவ்வளவு அன்பான வார்த்தையானாலும் இப்போது அது வேண்டாம் என்று அவள் பலகையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். புறங்கையால் உதட்டைத் துடைத்தான். வெளிறிய விலா மரத்தை இரண்டு முறை தட்டினான். குனிந்து முக்கோண வாசல் வழியாக வெளியே போனான்.

ஏணி ஒன்பது முறை கிறீச்சிட்டது. உறைபனி பிடித்த புல் நொறுங்கும் சத்தம் கேட்டது. சமையலறைச் சன்னலை குன்வோர் படபடவென்று தட்டி, காபிக் கோப்பையைத் தூக்கிக் காட்டி என்னவோ கேட்டாள். அவன் உதட்டை இறுக மூடியபடி ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, வாயிற்கதவின் கொக்கியை மெல்லப் போட்டுவிட்டு, துறைமுகத்துப் பாதையில் இறங்கிப் போனான்.